42 என்ற எண்ணைக் கண்டு பயந்துபோன சகோதரிக்கு

வாசகியின் கடிதம்: "எனக்கு வயது 46. மூன்று ஆண்டுகளாக முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறேன். இருந்தும் காலையில் எழுந்ததும் இரண்டு மணி நேரத்துக்கு விரல்களை மடக்க முடிவதில்லை. ஹீமோகுளோபின் 9.4-ஐத் தாண்ட மறுக்கிறது. ஆறு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் பலன் இல்லை. போன வாரம் நானாகவே ஓர் ஆய்வகத்துக்குப் போய் இன்டர்லூகின்-6 பரிசோதனை செய்துகொண்டேன். 42 என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. இணையத்தில் தேடினால் 'சைட்டோகைன் புயல்' என்று ஏதேதோ வருகிறது. இந்த நச்சை உடம்பிலிருந்து முழுவதுமாக அகற்ற வழி இல்லையா? அதைத் தடுக்கும் ஊசி ஒன்றை டாக்டர் சொல்கிறார். அதைப் போட்டால் எதிர்ப்புச் சக்தி போய்விடுமா? என் மகளுக்கு ஆஸ்துமா இருக்கிறது. அவளுக்கும் இதே ஊசி உதவுமா? இன்டர்லூகினைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் மாத்திரைகளை வாங்கலாமா?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். 42 என்பது புயல் இல்லை. உங்களுக்கு இருப்பது, மூன்று ஆண்டுகளாகச் சரியாக அடங்காத முடக்குவாதம். அதற்கு உங்கள் டாக்டர் சொல்லும் ஊசி நியாயமான அடுத்த படி. அதைப் பற்றிப் பேசுவதற்கு முன், உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிட விரும்புகிறேன். இன்டர்லூகினை 'நச்சு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் மனதில் இருக்கும்வரை உங்கள் நோயும் புரியாது, மருந்தும் புரியாது.

இன்டர்லூகின் என்பது ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் செய்தி. சைட்டோகைன் என்ற குடும்பத்தைச் சேர்ந்த சிறிய புரதம் அது. 1979இல் சுவிட்சர்லாந்தின் எர்மாட்டிங்கன் என்ற ஊரில் கூடிய ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள். வெள்ளணுக்களுக்கு இடையே பேசுவது என்பது பொருள். அதற்கு முன் ஒவ்வோர் ஆய்வகமும் தனக்குத் தெரிந்த வேலையை வைத்து ஒரு பெயர் சூட்டிக்கொண்டிருந்தது. உங்களைப் பயமுறுத்தும் ஆறாம் எண் இன்டர்லூகினே அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஜப்பானின் ஒசாகாவில் தடாமிட்சு கிஷிமோட்டோவின் குழு, ஆன்டிபாடி தயாரிக்கும் செல்களைத் தூண்டும் பொருளைத் தேடி 1986இல் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தது. அதே காலத்தில் வேறொரு குழு கல்லீரலைத் தூண்டும் பொருள் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. இன்னொரு குழு, புற்றுநோய் செல்களை வளரவைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தது. கடைசியில் பார்த்தால் எல்லாரும் தேடியது ஒன்றையே. கேட்கும் செல் எது என்பதைப் பொறுத்து ஒரே செய்திக்குப் பொருள் மாறுகிறது. உங்கள் கடிதத்தில் தனித்தனியாக வரும் விரல் இறுக்கம், ரத்தசோகை இரண்டும் ஏன் ஒன்றாக வந்தன என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

விரலில் ஒரு முள் குத்தியதாக வைத்துக்கொள்ளுங்கள். முள்ளோடு சில கிருமிகளும் உள்ளே போகின்றன. தோலுக்கு அடியில் எப்போதும் காவல் இருக்கும் விழுங்கணுக்கள் அவற்றைக் கண்டதும் இன்டர்லூகின்-1ஐ வெளியிடுகின்றன. இந்த ஒன்றாம் எண், ஆபத்தான செய்தி என்பது உடலுக்கே தெரியும் போலிருக்கிறது. அதன் முக்கியமான வடிவத்தை நேரடியாகத் தயாரிப்பதில்லை. முழுமையடையாத வடிவில் செய்து வைத்துக்கொண்டு, இரண்டாவது எச்சரிக்கை வந்த பிறகே ஒரு நொதியால் வெட்டி வெளியே அனுப்புகிறது. அது வந்ததும் அக்கம்பக்கத்து ரத்தக்குழாய்கள் விரிகின்றன, சுவர் கசிகிறது. விரல் சிவந்து, சூடேறி, வீங்குகிறது. இதைத்தான் அழற்சி என்கிறோம். எட்டாம் எண் இன்டர்லூகின் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்களை அந்த இடத்துக்கு அழைக்கிறது. ஆறாம் எண் ரத்தத்தோடு தொலைதூரம் போய்க் கல்லீரலையும் மூளையையும் எட்டுகிறது. மூளைக்குச் செய்தி போனால் காய்ச்சல் வருகிறது. கல்லீரலுக்குச் செய்தி போனால் சி.ஆர்.பி. என்ற புரதம் பல மடங்கு பெருகுகிறது.

கிருமி ஒழிந்ததும் என்ன நடக்கிறது என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. வந்த வெள்ளணுக்கள் மடிகின்றன. விழுங்கணுக்கள் அவற்றை அப்புறப்படுத்திவிட்டு, பத்தாம் எண் இன்டர்லூகினை வெளியிடத் தொடங்குகின்றன. 'போதும், நிறுத்துங்கள்' என்பதே அதன் செய்தி. இந்த நிறுத்தச் சொல் எவ்வளவு முக்கியம் என்பதைச் சில குழந்தைகள் காட்டினார்கள். பத்தாம் எண்ணைக் கேட்கும் ஏற்பி பழுதாகிப் பிறந்த அந்தக் குழந்தைகளுக்குப் பால்குடிப் பருவத்திலேயே குடல் முழுக்கப் புண்ணாகிவிடுகிறது. காரணம் 2009இல் கண்டறியப்பட்டது. எலும்பு மஜ்ஜை மாற்றினால் அந்தக் குடல் ஆறுகிறது.

உங்கள் விரல் மூட்டுகளில் முள் எதுவும் இல்லை. ஆனால் முள் குத்தியபோது போகும் அதே செய்தி, மூன்று ஆண்டுகளாக இரவும் பகலும் போய்க்கொண்டிருக்கிறது. மூட்டின் உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. இயல்பாக அது ஓரிரண்டு செல் அடுக்குதான். முடக்குவாதத்தில் அது தடித்து, புதிய ரத்தக்குழாய்கள் முளைத்து, வெள்ளணுக்கள் குடியேறி, ஆறாம் எண்ணை உற்பத்தி செய்யும் இடமாகிவிடுகிறது. என் அறையில் அல்ட்ராசவுண்ட் கருவியை இப்படிப்பட்ட ஒரு விரல் கணுவில் வைத்தால், கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் செம்மஞ்சள் புள்ளிகள் மினுக்கும். ஒவ்வொரு புள்ளியும் அந்தச் சவ்வுக்குள் ஓடும் ரத்தம். அதைத் திரையில் காட்டும்போது பல நோயாளிகள் தங்கள் விரலையே முதல்முறை பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அந்தச் சவ்வுக்கு அருகில் இருக்கும் எலும்பையும் இதே செய்தி விட்டுவைப்பதில்லை. எலும்பைக் கரைக்கும் செல்களை அது எழுப்பிவிடுகிறது. மூட்டு ஓரத்தில் விழும் அரிப்பு திரும்ப நிரம்புவது மிக அரிது. அதனால்தான் நாங்கள் அவசரப்படுகிறோம்.

காலையில் மட்டும் ஏன் அவ்வளவு இறுக்கம் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். முடக்குவாதம் உள்ளவர்களின் ரத்தத்தில் ஆறாம் எண் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. பின்னிரவில் ஏறி, விடியற்காலையில் உச்சத்தைத் தொட்டு, பகலில் இறங்குகிறது. நீங்கள் கண்விழிக்கும் நேரம் அந்த உச்சத்துக்குப் பக்கத்தில் விழுகிறது. அந்த இரண்டு மணி நேரம் உங்கள் சோம்பலும் இல்லை, கற்பனையும் இல்லை. வீட்டில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் இந்த வரியை அவர்களிடம் காட்டுங்கள்.

இனி ரத்தசோகைக்கு வருகிறேன். கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது இதுதான். ஆறு மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்டு, வயிறு புரட்டி, மலம் கறுத்து, எண் அசையவில்லை என்றால் யாருக்கும் மனம் சோர்ந்துபோகும். நடந்தது இதுவாக இருக்கலாம். ஆறாம் எண் கல்லீரலுக்குப் போகும்போது, சி.ஆர்.பி.யோடு ஹெப்சிடின் என்ற சிறு ஹார்மோனையும் சுரக்கவைக்கிறது. குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் வரும் வாசலும், பழைய சிவப்பணுக்களைச் சிதைத்த விழுங்கணுக்களிடமிருந்து இரும்பு வெளியேறும் வாசலும் ஒரே வகைதான். ஹெப்சிடின் இரண்டையும் மூடிவிடுகிறது. நீங்கள் விழுங்கிய இரும்பில் பெரும்பகுதி குடலைத் தாண்டவே இல்லை. ஏற்கெனவே உடலில் இருக்கும் இரும்போ விழுங்கணுக்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது. சிவப்பணு உருவாகும் எலும்பு மஜ்ஜைக்கு அது வந்து சேர்வதில்லை.

உடல் ஏன் இப்படிச் செய்கிறது? கிருமிகள் பெருகுவதற்கு இரும்பு வேண்டும். தொற்று வந்தால் சில நாட்களுக்கு இரும்பை ஒளித்துவைப்பது கிருமியைப் பட்டினி போடும் தந்திரம். 2004இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், உடல்நலமுள்ள தன்னார்வலர்களுக்கு இன்டர்லூகின்-6ஐ ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். சில மணி நேரத்துக்குள் ஹெப்சிடின் கூடியது, ரத்தத்தில் இரும்பு குறைந்தது. நான்கைந்து நாள் காய்ச்சலுக்கு இது அருமையான தந்திரம். மூன்று ஆண்டுகள் நீடித்தால் அதுவே 9.4 ஆகிறது.

இதை வைத்து இரும்பு மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். உண்மையான இரும்புக் குறைவும் கூடவே இருக்கலாம். உங்கள் வயதில் மாதவிடாயில் அதிக ரத்தம் போவது சாதாரணம். வலி மாத்திரைகளால் வயிற்றில் சிறு கசிவு இருக்கலாம். மெத்தோட்ரெக்சேட்டும் ரத்த அணுக்களைக் குறைக்கக்கூடியது. எது எவ்வளவு என்று பிரித்தறிய, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மட்டும் பார்த்தால் போதாது. அழற்சியே ஃபெரிட்டினை உயர்த்திக் காட்டும். அதனால், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் நிறைவு விகிதத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். முக்கியமான காரணம் அழற்சிதான் என்றால், அழற்சி அடங்கும்போது ஹீமோகுளோபின் தானாக ஏறும். இன்டர்லூகின்-6 தடுப்பு ஊசி தொடங்கியவர்களில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மூட்டு வலி குறைந்ததைச் சொல்வதற்கு முன்பே, 'மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை டாக்டர்' என்று சொன்னவர்கள் உண்டு.

அந்த எண்ணுக்கு வருவோம். 42 பிகோகிராம் என்று அறிக்கையில் இருந்திருக்கும். ஒரு கிராமை லட்சம் கோடி பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு பிகோகிராம். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் அப்படி 42 பங்கு. உடல்நலம் உள்ளவர்களிடம் பெரும்பாலும் இது ஒற்றை இலக்கத்தில் இருக்கும். அடங்காத முடக்குவாதத்தில் 42 வருவதில் வியப்பே இல்லை. அன்று உங்களுக்குச் சளி பிடித்திருந்தாலோ, ரத்தம் கொடுத்த நேரம் விடியற்காலையாக இருந்தாலோகூட எண் மாறியிருக்கும். புயல் என்று மருத்துவர்கள் சொல்லும் நிலையில் இது நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் போகும். நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்த அழுத்தம் சரிந்து படுத்திருப்பார். நடந்துபோய் ரத்தம் கொடுத்துவிட்டு வரமாட்டார்.

அந்தப் புயலைப் பற்றி நீங்கள் படித்தது பொய் இல்லை. 2012இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், ரத்தப் புற்றுநோய்க்காக ஒரு சிறுமிக்கு அவளுடைய டி செல்கள் என்ற வெள்ளணுக்களையே மரபணு மாற்றி உடலில் செலுத்தினார்கள். அந்தச் செல்கள் புற்றுநோயைத் தாக்கியபோது எழுந்த அழற்சியில் அவள் உயிருக்கே ஆபத்து வந்தது. ரத்தத்தைச் சோதித்த மருத்துவர்கள் ஆறாம் எண் தாறுமாறாக ஏறியிருப்பதைக் கண்டு, மூட்டுவாதத்துக்குப் பயன்பட்டுவந்த, ஆறாம் எண்ணைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் அவள் நிலைமை திரும்பியது. கொரோனா காலத்தில் பிரிட்டனில் 4,116 பேரிடம் இதே மருந்தைச் சோதித்தார்கள். ஆக்சிஜன் குறைந்து, சி.ஆர்.பி. மிகவும் ஏறியிருந்த நோயாளிகள் அவர்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 35 சதவீதம். இந்த மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 31 சதவீதம். நூறு பேருக்கு நான்கு உயிர். அது பெரிய விஷயம். ஆனால் மீதி 31 பேரை இது காப்பாற்றவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்தப் புயலில் குரல் ஒன்று மட்டும் இல்லை.

உங்கள் டாக்டர் சொல்வது இந்த டோசிலிசுமாப்பாகவோ அதன் வகையைச் சேர்ந்த இன்னொன்றாகவோ இருக்கும். ஜப்பானில் 2008 முதலும் அமெரிக்காவில் 2010 முதலும் முடக்குவாதத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து இது. நேற்று வந்தது இல்லை.

'முழுவதுமாக அகற்ற முடியாதா' என்ற கேள்விக்கு இரண்டு சான்று தருகிறேன். ஆறாம் எண்ணைக் கேட்கும் ஏற்பியே இல்லாமல் பிறந்த சிலரை 2019இல் மருத்துவ உலகம் அறிந்தது. அவர்களுக்கு மீண்டும் மீண்டும் தொற்று வந்தது, தோலில் கரப்பான் இருந்தது, கடும் தொற்றிலும் சி.ஆர்.பி. ஏற மறுத்தது. இது ஒன்று. மற்றொன்று இன்னும் நல்ல செய்தி. நடக்கும்போதும் ஓடும்போதும் சுருங்கி விரியும் தசையே ஆறாம் எண்ணை ரத்தத்தில் விடுகிறது. நெடுந்தூர ஓட்டத்துக்குப் பிறகு அது நூறு மடங்கு வரைகூட ஏறலாம். கோபன்ஹேகனில் பென்ட்டே பெடர்சனின் குழு இதைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, தசையிலிருந்து வரும் இந்த ஏற்றத்தைத் தொடர்ந்து, அழற்சியை அடக்கும் பத்தாம் எண் போன்றவையும் ஏறுவதைக் கண்டது. நாள்தோறும் நடப்பவரிடம், ஓய்வில் இருக்கும்போது ஆறாம் எண்ணின் அளவு பொதுவாகக் குறைவு. அதே மூலக்கூறு வீங்கிய மூட்டிலிருந்து ஓயாமல் வந்தால் எலும்பை அரிக்கிறது. தசையிலிருந்து வந்து ஒரு மணி நேரத்தில் அடங்கினால் உடலுக்கு நல்லது செய்கிறது. இதை நச்சு என்று எப்படிச் சொல்வது?

ஊசி எதிர்ப்புச் சக்தியை அழித்துவிடாது. ஆனால் ஒரு கதவை மூடுகிறது, அதற்கு விலை உண்டு. தொற்று வரும் வாய்ப்பு ஓரளவு கூடும். தொடங்கும் முன் உறங்கும் காசநோய் இருக்கிறதா என்றும் மஞ்சள்காமாலை பி, சி வைரஸ்கள் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிட வேண்டும். ஊசி போடும் காலத்தில் உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகள் கூடாது. மற்ற தடுப்பூசிகளை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. வெள்ளணு, கல்லீரல் நொதி, கொழுப்பு ஆகியவற்றைக் குறிப்பிட்ட இடைவெளியில் பார்ப்பார்கள். குடலில் முன்பு புண்ணோ, குடல்பையில் அழற்சியோ இருந்திருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். அரிதாகக் குடலில் ஓட்டை விழக்கூடும். புதிதாக வரும் கடும் வயிற்றுவலியை ஊசி போடுபவர் ஒரு நாளும் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

நான் உங்களுக்கு மிக அழுத்தமாகச் சொல்ல வேண்டியது இதற்கு அடுத்தது. ஊசி போட ஆரம்பித்த பிறகு மறுபடியும் ஆய்வகத்துக்குப் போய் இன்டர்லூகின்-6 பார்த்தீர்கள் என்றால், 42 இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய எண் வரக்கூடும். நோய் முற்றிவிட்டது என்று மனம் கலங்கிவிடும். நடப்பது என்னவென்றால், இந்த ஊசி ஆறாம் எண்ணை அழிப்பதில்லை, அதைக் கேட்கும் ஏற்பியை அடைக்கிறது. ஏற்பியோடு சேர்ந்து செல்லுக்குள் போய் அழிய வேண்டியது போக வழியில்லாமல் ரத்தத்திலேயே தேங்குகிறது. செய்தி நிறைய இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. ஆகவே அந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யாதீர்கள்.

சி.ஆர்.பி.யோ இதற்கு நேர்மாறாக ஏமாற்றும். ஆறாம் எண்ணின் கட்டளையில்தான் கல்லீரல் அதைச் செய்கிறது என்று சொன்னேன். காது அடைந்த கல்லீரல் அதைச் செய்யாது. சில ஆண்டுகளுக்கு முன், இந்த ஊசியில் இருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். நான்கு நாளாக இருமல், சாப்பிடப் பிடிக்கவில்லை, படுத்தே இருக்கிறார். காய்ச்சல் இல்லை. சி.ஆர்.பி. 1 தான். அந்த அறிக்கையை வைத்து வேறோர் இடத்தில் 'வெறும் சளி' என்று அனுப்பியிருந்தார்கள். மூச்சு எண்ணிக்கை நிமிடத்துக்கு 28 இருந்தது. முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் வலது அடிப்பகுதியில் முடியை உரசுவதுபோல் ஓசை. எக்ஸ்ரேயில் நுரையீரலின் ஒரு மடல் வெள்ளையாக நிறைந்திருந்தது. நிமோனியா. நல்லவேளை, நேரத்தில் கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து இந்த ஊசி தொடங்கும் ஒவ்வொருவரிடமும் ஓர் அட்டையில் எழுதித் தருகிறேன்: 'இன்டர்லூகின்-6 தடுப்பு மருந்து பெறுபவர். காய்ச்சலும் சி.ஆர்.பி.யும் இல்லாமலேயே தொற்று இருக்கலாம்.' உங்கள் பையிலும் அப்படி ஓர் அட்டை இருக்கட்டும். இருமல், மூச்சிரைப்பு, சிறுநீர் எரிச்சல், சீழ்க்கட்டி, காரணமில்லாத சோர்வு எது வந்தாலும் அடுத்த ஊசியைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

ஈ.எஸ்.ஆர்.க்கும் இதே கதை. ஒரு நீண்ட மெல்லிய குழாயில் ரத்தத்தை நிறுத்திவைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்று பார்ப்பதுதான் அந்தப் பரிசோதனை. அழற்சியில் கல்லீரல் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை நிறையச் செய்வதால், சிவப்பணுக்கள் நாணய அடுக்குபோல் ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்குகின்றன. மேலே மஞ்சள் தெளிவு, கீழே சிவப்பு. நான் படிக்கும் காலத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அந்தக் கோடு இறங்குவதைக் கவனித்திருக்கிறேன். எங்கோ ஒரு மூட்டிலிருந்து புறப்பட்ட செய்தி கண்ணாடிக் குழாயில் கண்முன் எழுதப்படுவதுபோல் இருக்கும். ஊசிக்குப் பிறகு அந்தக் கோடும் நகராது. அதனால் உங்கள் முன்னேற்றத்தை அளக்க நாங்கள் நம்பப்போவது வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கை, அல்ட்ராசவுண்ட், காலை இறுக்கம் எத்தனை நிமிடம் என்பது, உங்கள் வாய்ச்சொல்.

மகளின் ஆஸ்துமாவுக்கு இதே ஊசி உதவாது. இன்டர்லூகின்களில் நாற்பதுக்கு அருகில் எண்கள் உண்டு. ஒவ்வொரு நோயிலும் ஓங்கி ஒலிப்பது வெவ்வேறு குரல். ஆஸ்துமாவில் பலருக்கு நான்கு, ஐந்து, பதின்மூன்று ஆகியவை முக்கியம். ஐந்தாம் எண்ணைத் தடுக்கும் மெப்போலிசுமாப்பின் வரலாறு எனக்கு எப்போதும் பாடமாக இருப்பது. முதலில் எல்லா ஆஸ்துமா நோயாளிகளிடமும் பொதுவாகச் சோதித்தபோது அது தோற்றுவிட்டது. கைவிட்டுவிடுவார்கள் என்றே தோன்றியது. பிறகு, ஈசினோஃபில் என்ற வெள்ளணு அதிகமாக இருந்து அடிக்கடி மூச்சுத்திணறல் வருபவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் சோதித்தார்கள். 2009இல் வெளிவந்த முடிவுகளில் அந்தத் திணறல்கள் தெளிவாகக் குறைந்திருந்தன. 2015இல் அங்கீகாரம் கிடைத்தது. மருந்து அதேதான். யாருக்குத் தருவது என்பது தெரிந்ததே மாற்றம். உங்கள் மகளுக்கு இன்ஹேலரிலேயே ஆஸ்துமா அடங்குகிறது என்றால் ஊசி எதுவுமே வேண்டாம். அடங்கவில்லை என்றால் முதலில் அவள் இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறாளா என்று பார்த்துவிட்டு, பிறகு ஈசினோஃபில் எண்ணிக்கையைப் பாருங்கள்.

பொருந்தாத இடத்தில் தடுத்தால் தீங்கும் வரலாம். பதினேழாம் எண்ணைத் தடுக்கும் செக்குகினுமாப் சொரியாசிஸ் தடிப்புகளை வியக்கத்தக்க அளவில் நீக்குகிறது. அதே மருந்தைக் கிரோன் என்ற குடல் அழற்சி நோயில் சோதித்தபோது சிலருக்கு நோய் கூடிவிட்டது. குடலின் உட்சுவரைப் பாதுகாப்பதும் பூஞ்சையைத் தடுப்பதும் அந்தப் பதினேழின் வேலைகள் என்பது அப்போதுதான் உறைத்தது. இதயத்திலும் இப்படி ஒரு பாடம் உண்டு. மாரடைப்பு வந்து மீண்ட 10,061 பேரிடம் இன்டர்லூகின்-1ஐத் தடுக்கும் கனகினுமாப்பைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். கொழுப்பு துளியும் குறையாமலேயே, நடு அளவு மருந்து பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்த்து 15 சதவீதம் குறைந்தது. ரத்தக்குழாய் அடைப்பில் அழற்சிக்கும் பங்கு உண்டு என்பதை அது நிலைநாட்டியது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடியதால், மொத்த மரணங்களில் வேறுபாடு தெரியவில்லை.

இவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்து, கண்காணித்து, அளந்து கொடுக்க வேண்டிய ஒரு விஷயத்தில், 'எல்லா இன்டர்லூகினையும் இயற்கையாகக் குறைக்கும்' என்று விற்கும் மாத்திரைகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. எதைக் குறைக்கிறது, எந்த அளவில், யாருக்கு என்று அந்த டப்பாக்களில் எழுதியிருக்காது. அவற்றில் சில கல்லீரலைக் கெடுக்கும். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் உங்களுக்கு அது கூடவே கூடாது. வாங்காதீர்கள். உங்கள் கையில் இருப்பவை வேறு. வீட்டில் யாராவது புகைபிடித்தால், அல்லது நீங்களே பிடித்தால், அது நின்றாக வேண்டும். முடக்குவாதத்தைத் தூண்டுவதோடு மருந்தின் பலனையும் புகை குறைக்கிறது. ஈறுகளில் ரத்தம் வந்தால் பல் மருத்துவரைப் பாருங்கள். எடை கூடியிருந்தால், வயிற்றுக் கொழுப்பும் ஆறாம் எண்ணைச் சுரக்கும் திசுதான் என்பதை நினைவில் வையுங்கள். மூட்டு இறுக்கம் தளர்ந்த பிற்பகலில் அரை மணி நேரம் நடங்கள். இவை எதுவும் மருந்துக்கு மாற்று இல்லை. மருந்து வேலை செய்ய உதவுபவை.

அடுத்த முறை உங்கள் டாக்டரைப் பார்க்கப் போகும்போது, ஆய்வக அறிக்கையை மேலே வைக்காதீர்கள். காலை எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை மணிக்கு விரல் முழுதாக மடங்கியது என்று பதினைந்து நாள் குறித்துக்கொண்டு போங்கள். மெத்தோட்ரெக்சேட் போதிய அளவில்தான் இருக்கிறதா, அதோடு வேறு மாத்திரை சேர்க்கும் கட்டம் முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். காசநோய்ப் பரிசோதனை, டிரான்ஸ்ஃபெரின் நிறைவு விகிதம் இரண்டையும் நினைவூட்டுங்கள். குடல் தொடர்பான பழைய உபாதை ஏதாவது இருந்தால் அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஊசி தொடங்கினால் மூன்று மாதம் கழித்து எனக்கு மறுபடியும் எழுதுங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு வந்திருக்கிறது என்று அறிய நானும் ஆவலாக இருக்கிறேன்.